திபெத்திய வட்ட நடனம்: முழங்காலில் தொடங்கும் முழு வழிகாட்டி

திபெத்திய நடனம் என்று இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்பவை மேடைக் காட்சிகள்தான். பெண்கள் விரல்நுனி தாண்டித் தொங்கும் சட்டைக் கைகளைக் காற்றில் வீசுவார்கள். ஆண்கள் பாய்ந்து எழுந்து சுழல்வார்கள். பார்க்க அழகு, மறுக்கவில்லை. ஆனால் அதைப் பார்த்துவிட்டு ஆடப் பழக வருகிறவர்கள் கையில் தொடங்கிக் கையிலேயே நின்றுவிடுகிறார்கள். மேலே கை அலையடிக்கும். கீழே கால் கடைக்குப் போகிற மாதிரி நடந்துகொண்டிருக்கும்.

ஊர்த் திடலில் ஆடுகிறவர்களைப் பார்த்தால் கதையே வேறு. கை பெரும்பாலும் பக்கத்தில் நிற்பவரின் கையைப் பிடித்திருக்கும், அவ்வளவுதான். வேலை முழுக்க இடுப்புக்குக் கீழே நடக்கும். அதனால் இந்த வழிகாட்டியின் வரிசை இப்படி: முதலில் முழங்கால், பிறகு பாதம், பிறகு உடம்பின் சாய்வு, கடைசியில் கை. ஆர்வத்தில் வரிசையை மாற்றாதீர்கள்.

எதை ஆடப் போகிறோம்?

மடாலய முற்றத்தில் துறவிகள் முகமூடி அணிந்து ஆடும் சாம் என்ற நடனம் வழிபாட்டைச் சேர்ந்தது. நாம் பார்க்கலாம், வீட்டில் பழகுகிற விஷயம் அல்ல. அச்சே ல்ஹாமோ என்பது நாள் முழுக்க நீளும் இசை நாடகம்; இரும்புச் சங்கிலிப் பாலங்கள் கட்டிய துறவி தாங்தோங் கியால்போதான் அதைத் தொடங்கியவர் என்று மரபு சொல்கிறது. இரண்டையும் இங்கே தொடப்போவதில்லை. ஊர்மக்கள் ஒன்றுகூடி ஆடுவதுதான் நமக்கு வேண்டியது.

திபெத்தியர் தங்கள் நிலத்தை மூன்றாகப் பிரித்துப் பேசுவார்கள். லாசாவும் ஷிகாட்சேயும் இருக்கும் ஊ-ட்சாங் நடுப்பகுதி, ஆழமான பள்ளத்தாக்குகள் நிறைந்த காம் கிழக்கு, மேய்ச்சல் வெளிகள் பரந்த அம்தோ வடகிழக்கு. நடனமும் இதற்கேற்பப் பிரிகிறது.

கோர்ஷே ஊ-ட்சாங் உழவர்களின் வட்ட நடனம். கதிரடிக்கும் களத்திலும் வீட்டு முற்றத்திலும் ஆடுவது. பழைய முறையில் வாத்தியம் கிடையாது. பாட்டும் காலடிச் சத்தமும்தான் இசை. ஆண்கள் அரை வட்டம், பெண்கள் அரை வட்டம். ஒரு பக்கம் ஓரடி பாட, மறுபக்கம் திருப்பிப் பாடும். இன்று தரம்சாலாவிலும் நியூயார்க்கிலும் வாழும் திபெத்தியர்கள் எந்த வட்ட நடனத்தையும் கோர்ஷே என்றே சொல்லிவிடுகிறார்கள். ஒலிபெருக்கியில் பாட்டு ஓடும், வட்டம் சுற்றும்.

காம் பகுதியின் வட்ட நடனம் கோர்ட்ரோ. மெதுவாகத் தொடங்கி, வேகம் ஏறி ஏறி, உரத்த கூவலோடு முடியும். அதே காம் பகுதியில் பாத்தாங், மார்க்காம் வட்டாரங்களில் பிவாங் என்ற இரட்டைத் தந்தி வாத்தியத்தை வில்லால் இழைத்தபடியே ஆடும் நடனம் ஒன்று உண்டு. நீளச் சட்டைக் கைகளின் உண்மையான வீடு இதுதான்.

நான்காவது தோய்ஷே. யார்லுங் சாங்போ ஆற்றின் மேல்பகுதியில், ல்ஹாட்சே, திங்ரி, ங்காரி பக்கங்களில் பிறந்து லாசாவுக்கு வந்து நகர நடனமானது. ட்ரான்யென் என்ற ஆறு தந்தி வாத்தியத்தோடு காலால் தாளம் போட்டு ஆடுவது. திபெத்திய நடனங்களிலேயே காலுக்கு அதிக வேலை வைப்பது இதுதான். இந்த நான்கையும் இதே வரிசையில் பழக வேண்டியதில்லை. கோர்ஷே முதலில், பிவாங் நடனம் இரண்டாவது, தோய்ஷே மூன்றாவது, காம் ஆண்களின் பாய்ச்சல் உள்ள கோர்ட்ரோ கடைசி என்பது என் பரிந்துரை. ஏன் என்பது போகப் போகப் புரியும்.

தரை, செருப்பு, உடை

வெறுங்காலோடு சிமென்ட் தரையில் தட்டிப் பழகாதீர்கள். குதிகால் வலி வந்தால் வாரக்கணக்கில் விடாது. திபெத்தியரின் பழைய காலணி முழங்காலுக்குக் கீழ்வரை ஏறும் பூட்ஸ். உயர்ந்த குதி இல்லாமல் அடிப்பகுதி தட்டையாக இருக்கும். அதனால்தான் அவர்களின் அடி குதிகாலில் விழாமல் முழுப் பாதமாக விழுகிறது. நம்மிடம் அது இருக்காது. குதி உயரமில்லாத, அடிப்பகுதி வழுக்கவும் செய்யாமல் ஒட்டிக்கொள்ளவும் செய்யாமல் இருக்கும் மெல்லிய ஷூ போதும். தடித்த ரப்பர் அடி கொண்ட ஓட்ட ஷூ திரும்பும்போது தரையைப் பிடித்துக்கொள்ளும். முழங்கால் மட்டும் தனியாகத் திரும்பும். அது ஆபத்து.

மரப்பலகை கிடைத்தால் தோய்ஷேக்கு அதைவிட நல்லது வேறில்லை. லாசாவில் ஆடுகிறவர்கள் காலடிச் சத்தம் கேட்பதற்காகவே பலகை மேல் ஏறி ஆடும் வழக்கம் உண்டு. அடுக்குமாடியில் இருப்பவர்கள் கீழ்வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

சுபா என்னும் நீள அங்கி கட்டாயமில்லை. ஆனால் ஒருமுறை கட்டிப் பார்த்தால் அடி ஏன் சிறியதாக இருக்கிறது என்று தெரிந்துவிடும். பெண்களின் சுபா கணுக்கால்வரை இறங்கும், இடுப்பில் இறுகக் கட்டியிருக்கும். பெரிய அடி வைக்க இடமே கிடையாது. ஆண்கள் அதை இடுப்பில் தூக்கிச் செருகி முழங்கால் அளவுக்கு வைத்துக்கொள்வார்கள், அவர்கள் அடி அகலமாவதும் அதனால்தான். பழகும்போது பெண்கள் ஒரு நீளப் பாவாடையோ ஆண்கள் லுங்கியோ கட்டிக்கொள்ளலாம்.

முழங்கால்

இங்கேதான் எல்லாம் இருக்கிறது. நேராக நில்லுங்கள். குதிகால்கள் ஒன்றோடொன்று தொடும் அளவுக்கு நெருங்கி, விரல்பக்கம் சற்று விலகியிருக்கட்டும். தோளைத் தளர்த்துங்கள். மேலுடம்பு ஒரு துளி முன்னால் சாயட்டும். இப்போது இரண்டு முழங்காலையும் கொஞ்சம், நாலு விரல் அளவுக்கு, மடக்கி உடனே விடுங்கள். மடக்கு, விடு, மடக்கு, விடு. நிற்காமல்.

விடும்போது முழங்கால் விறைத்து நேராகிவிடக் கூடாது. மடக்கும்போது ஒரு இடத்தில் தங்கியும் விடக் கூடாது. பரதநாட்டியம் படித்தவர்களுக்கு இதுதான் பெரிய தடை. அரைமண்டியில் முழங்கால் மடங்கி, விரிந்து, அப்படியே பிடித்து வைக்கப்பட்டிருக்கும். இங்கே முழங்கால் முன்பக்கம் பார்க்கும், ஓரிடத்தில் நிற்கவே நிற்காது. அரைமண்டி பழகிய உடம்பு தாளம் வந்ததும் தானாக உட்கார்ந்து இறுகிக்கொள்ளும். அதைக் கவனித்துக் கவனித்துத்தான் உடைக்க வேண்டும்.

இந்தத் துடிப்பில் இரண்டு வகை. ஒன்று நீளமானது: மெதுவாக இறங்கி மெதுவாக ஏறும், பிவாங் நடனத்துக்கும் மெதுவான வட்ட நடனத்துக்கும் இது. இன்னொன்று குட்டையானது: சின்னதாக, துள்ளலாக, நடுக்கம் போல வரும்; தோய்ஷேக்கு இது. முதலில் நீளமானதைப் பழகுங்கள். நிமிடத்துக்கு 60 தட்டு என்று மெட்ரோனோம் என்ற தாளக் கருவியை வைத்து, ஒவ்வொரு தட்டுக்கும் ஓர் இறக்கம், இரண்டு தட்டுக்கு நடுவே ஓர் ஏற்றம். மூன்று நிமிடம் விடாமல் செய்து பாருங்கள், தொடை சூடேறும். தினமும் இதிலேயே தொடங்குங்கள், வேறெதுவும் நேரமில்லையென்றாலும்.

இந்த முழங்கால் எங்கிருந்து வந்தது என்பதற்குப் பல விளக்கங்கள் சொல்வார்கள். மலையில் சுமை தூக்கி நடந்த பழக்கம் என்பார்கள், லாசாவே சுமார் 3,650 மீட்டர் உயரத்தில் இருப்பதால் மூச்சை மிச்சப்படுத்தும் வழி என்பார்கள். எனக்கு இவற்றைவிட நம்பும்படி இருப்பது அர்கா வேலை. திபெத்தியக் கோயில்களிலும் பெரிய வீடுகளிலும் கூரையும் தரையும் அர்கா என்ற ஒருவகைச் சுண்ணக் களிமண்ணால் போடப்படும். ஆட்கள் வரிசையாக நின்று, நீளக் கழியின் அடியில் தட்டைக் கல் பொருத்திய கட்டையால் மணிக்கணக்கில், நாள்கணக்கில் அதை இடித்து இறுக்குவார்கள். வரிசை பாடிக்கொண்டே முன்னால் போகும், பின்னால் வரும், கழியும் காலும் ஒரே நேரத்தில் இறங்கும். அந்த வேலையின் காணொளி கிடைத்தால் கழியை மறந்துவிட்டுக் காலை மட்டும் பாருங்கள். கோர்ஷேயின் அடி கண் முன்னால் இருக்கும்: அடி விழுகிறது, முழங்கால் அதை வாங்கிக்கொள்கிறது, பாட்டு அடுத்த அடியைத் தூக்குகிறது.

முதல் அடி: மூன்று தட்டு

முழங்கால் துடிப்பு நிற்காமல் ஓடிக்கொண்டிருக்க, இருந்த இடத்திலேயே:

வலது – இடது – வலது – இடைவெளி
இடது – வலது – இடது – இடைவெளி

இவ்வளவுதான். நான்கு எண்ணிக்கையில் மூன்று அடி, நான்காவது காலி. அந்தக் காலியான எண்ணிக்கையில் கால் ஓய்ந்தாலும் முழங்கால் ஓயாது. அதுதான் அடுத்த மூன்றை அடுத்த காலுக்கு மாற்றிக் கொடுக்கிறது. ஊ-ட்சாங் கோர்ஷேயில் பெரும்பாலான பாட்டுகள் இந்த மூன்று-மாற்று அடியைச் சுற்றியே கட்டப்பட்டவை. இது வந்துவிட்டால் வட்டத்தில் பாதி ஆடத் தெரிந்தவராகிவிட்டீர்கள்.

பாதத்தைத் தரையிலிருந்து ஒரு அங்குலத்துக்கு மேல் தூக்க வேண்டாம். முழுப் பாதமும் ஒரே நேரத்தில் படியட்டும். குதிகால் முதலில் விழுந்தால் ‘டொக்’ என்று கூர்மையான சத்தம் வரும், இடுப்புவரை அதிரும். முழுப் பாதம் விழுந்தால் அடங்கிய ‘தப்’ சத்தம். காதால் பிரித்துப் பார்த்தே சரிசெய்துகொள்ளலாம், கண்ணாடி தேவையில்லை.

இரண்டாவது: நடந்து சுற்றுவது

வட்டம் கடிகார முள் போகும் திசையில் சுற்றும். கோயில் பிரகாரத்தை வலம் வருகிற அதே திசைதான்: வலத் தோள் நடுவைப் பார்த்திருக்கும். நடுவைப் பார்த்து நின்றால் நீங்கள் உங்கள் இடப்பக்கமாக நகர்வீர்கள். பௌத்தர்கள் தூபியைச் சுற்றும் திசையும் இதுவே. திபெத்தின் பழைய மதமான போன் மதத்தைச் சேர்ந்தவர்கள் எதிர்த் திசையில் வலம்வருவார்கள். ஆனால் நீங்கள் சேரப்போகும் வட்டங்களில் கடிகாரத் திசை என்றே வைத்துக்கொள்ளலாம்.

இப்போது மூன்று அடி நடந்து நான்காவதில் காலை வீச வேண்டும்.

1 – வலது கால் முன்னால்.
2 – இடது கால் முன்னால்.
3 – வலது கால் முன்னால்.
4 – இடது காலை முழங்காலிலிருந்து தளர்வாக முன்னால் வீசு.

அடுத்த நான்கு எண்ணிக்கை இடது காலில் தொடங்கும். வீச்சு என்றதும் உதை என்று நினைத்துவிடக் கூடாது. பாதம் மற்றக் காலின் கெண்டைச்சதை உயரத்தைத் தாண்டாது. விரல்களை நீட்டவும் வேண்டாம், மடக்கவும் வேண்டாம், பூட்ஸ் போட்ட பாதம் எப்படித் தொங்குமோ அப்படி. வீசுகிற நேரத்தில் நிற்கிற காலின் முழங்கால் இறங்குகிறது. இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நிற்கிற கால் விறைத்திருந்தால் வீச்சு உதையாகிவிடும். அது இறங்கினால் வீசும் கால் தானாகவே மிதந்து எழும்.

வீசும் எண்ணிக்கையில் உடம்பை நடுவை நோக்கிக் கொஞ்சம் திருப்புங்கள். மூன்று அடி சுற்றுப்பாதையைப் பார்த்து, நான்காவது வட்டத்தில் இருக்கும் மற்றவர்களைப் பார்த்து. கைகோத்திருந்தால் கோத்த கைகள் அதே நேரத்தில் தொடை உயரத்தில் முன்னால் அசையும். தோளுக்கு மேல் போகாது.

சிறு வட்டமாக நாலைந்து பேர் சேர்ந்து பழகுவது தனியாகப் பழகுவதைவிட எத்தனையோ மடங்கு நல்லது. பக்கத்தில் இருப்பவரின் கை வழியாக அவருடைய முழங்கால் துடிப்பு நமக்கு வந்துவிடும். தனியாகக் கண்ணாடி முன்னால் பழகினால் உருவம் வரும், இந்தத் துடிப்பு வராது.

மூன்றாவது: பக்கவாட்டு அடியும் சாய்வும்

இங்கே பிவாங் நடனத்துக்கு வருகிறோம். பாத்தாங்கில் வாத்தியம் வாசிப்பவர் ஓரமாக உட்கார்ந்திருக்க மாட்டார். வாசித்துக்கொண்டே ஆடி வரிசைக்கு முன்னால் போவார், மற்றவர்கள் பின்னால் வருவார்கள், வரிசை வட்டமாக வளையும், நடுவை நோக்கிச் சுருங்கும், மீண்டும் விரியும். இசை இழைந்து வருவதால் அடியும் இழைய வேண்டும். தட்டுவது கிடையாது, வைப்பதுதான்.

வலது காலைப் பக்கவாட்டில் வையுங்கள், எடை முழுக்க அதன்மேல் போகட்டும், முழங்கால் நீளமாக இறங்கட்டும். அடுத்த எண்ணிக்கையில் இடது காலைக் கொண்டுவந்து அதன் குதிகாலை வலது பாதத்தின் உள்வளைவுக்கு அருகில், சற்று முன்னால், சாய்த்து வையுங்கள்; இடது விரல்கள் வெளிப்பக்கம் பார்க்கும். எடை வலது காலிலேயே இருக்கிறது, இடது சும்மா ஒட்டி நிற்கிறது. இடுப்பு தளர்ந்து வலப்பக்கம் லேசாகப் போகும். பிறகு இதையே இடப்பக்கம்.

இடுப்பை வேண்டுமென்றே ஆட்டாதீர்கள். எடை முழுதாக மாறினால் இடுப்பு தன் பாட்டில் போய்வரும். சினிமாப் பழக்கத்தில் இடுப்பைத் தூக்கி ஆட்டினால் அது வேறு நடனமாகிவிடும்.

இந்த இடத்தில்தான் திபெத்திய நடனத்தின் ஒரு தனி அடையாளம் தெரிகிறது. சாதாரண நடையில் வலது கால் போனால் இடது கை போகும். இங்கே வலது காலும் வலது கையும் ஒரே பக்கம், ஒரே நேரத்தில் போகும். உடம்பின் ஒரு பாதி முழுக்கச் சேர்ந்து நகர்வதால் அந்தச் சாய்வு வருகிறது. முதலில் கால் தடுமாறும், அணிவகுப்பில் கை மாறிப்போனவர் போல் உடம்பு விழிக்கும். சரிசெய்ய ஒரு வழி: கையை மறந்துவிட்டுத் தோளைக் காலோடு அனுப்புங்கள். வலது கால் பக்கவாட்டில் போகும்போது வலத் தோளும் போகட்டும். தோள் போனால் கை பின்னாலேயே வரும்.

சட்டைக் கை வீசுவதும் இதே விதிதான். துணியை நாம் வீசுவதில்லை. தோள், முழங்கை, மணிக்கட்டு என்று வரிசையாக அசைவு ஓடி, துணி அரை எண்ணிக்கை தாமதமாக வந்து சேரும். மணிக்கட்டில் தொடங்கினால் துணி சுருண்டு கையில் சுற்றிக்கொள்ளும். பழக, மணிக்கட்டில் ஒரு மெல்லிய துண்டைக் கட்டிக்கொண்டாலே போதும்.

நான்காவது: தோய்ஷேயின் தட்டு

இதற்கு வரும்முன் மூன்று தட்டு அடி கண்ணை மூடிக்கொண்டு வரும் அளவுக்குப் பழகியிருக்க வேண்டும். இல்லையென்றால் திரும்பிப் போங்கள், அவசரமே இல்லை.

தோய்ஷே பாட்டுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. வாத்தியத்தில் சின்ன முன்னிசை. பிறகு மெதுவான பகுதி. அப்புறம் வேகப் பகுதி. முடிவுக்கென்று ஒரு முடிப்பு இசை. முன்னிசையும் முடிப்பும் பல பாட்டுகளுக்குக் கிட்டத்தட்ட ஒன்றே என்பதால் இரண்டு மூன்று பாட்டு கேட்டாலே எங்கே தொடங்குகிறது, எங்கே முடியப்போகிறது என்று காது பிடித்துக்கொள்ளும். மெதுவான பகுதியில் கால் அடக்கமாக இருக்கும், வேகப் பகுதியில்தான் தட்டு. ட்ரான்யென்னின் தந்திகள் இரண்டிரண்டாக மூன்று ஜோடிகள். மீட்டும்போது வரும் ‘டிங்-டிகி’ ஓட்டத்தின் மேல் காலடி விழ வேண்டும். நாங்மா என்ற லாசா நகர இசையும் தோய்ஷேயும் அதே கலைஞர்களால் வாசிக்கப்பட்டவை. 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் லாசாவில் இவற்றுக்குப் பேர்போனவர் பார்வையற்ற இசைக்கலைஞர் அச்சோ நம்கியால்.

அடிப்படை அடி, பின்வாங்கித் தட்டு:

‘ஒன்று’ – வலது முன்பாதத்தை ஒரு சாண் பின்னால் வை. குதிகால் தரையில் படக் கூடாது.
‘அரை’ – இடது பாதம் இருந்த இடத்திலேயே முழுதாக ஒரு தட்டு.
‘இரண்டு’ – வலது பாதம் முன்னால் வந்து முழுதாக ஒரு தட்டு.
‘அரை’ – முழங்கால் மட்டும் துள்ளும்.

காதுக்கு இது ‘தி-தக்-தக்’ என்று கேட்க வேண்டும். முதல் சத்தம் மெல்லியது, அடுத்த இரண்டும் தெளிவு. மூன்றும் ஒரே அளவில் கேட்டால் பின்னால் வைக்கும் காலில் எடை அதிகம் என்று அர்த்தம்.

இந்த அடியின் சூட்சுமம் ‘இரண்டு’ எண்ணிக்கையில் எடை எங்கே இருக்கிறது என்பதில். அதே வலது காலில் மறுபடி செய்ய வேண்டுமானால் முன்னால் தட்டும் வலது காலில் எடையைப் போடாதீர்கள். சத்தம் மட்டும் போதும், எடை இடது காலிலேயே இருக்கட்டும். கால் மாற்ற வேண்டுமானால் அந்தத் தட்டில் எடை முழுவதையும் வலது காலில் இறக்குங்கள்; இடது கால் விடுபட்டு அடுத்த முறை அது பின்னால் போகும். பழக இப்படி: வலது காலில் மூன்று முறை எடையில்லாமல், நான்காவது முறை எடையோடு, அப்புறம் இடது காலில் அதேபோல். இந்த நாலு-நாலு வந்தபிறகு இரண்டு-இரண்டு, பிறகு ஒன்றுவிட்டு ஒன்று.

பின்னால் போகும்போது மேலுடம்பு லேசாக முன்னால் சாயும், முன்னால் தட்டும்போது நிமிரும். கைகள் இடுப்பு உயரத்தில் தளர்வாக முன்னும் பின்னும் போய்வரும். தலையைக் குனிந்து காலைப் பார்த்தால் இந்தச் சாய்வு கெட்டுவிடும்.

நிமிடத்துக்கு 60-இல் தொடங்குங்கள். சுத்தமாக வந்தால் 5 கூட்டுங்கள். 100 தாண்டியபின் முழங்கால் தானாகவே குட்டைத் துடிப்புக்கு மாறிவிடும். தோய்ஷேயின் துள்ளல் அங்கேதான் பிறக்கிறது. வேகம் ஏற ஏறப் பாதம் தரைக்கு நெருங்க வேண்டும். கற்றுக்கொள்கிறவர்கள் செய்வது நேர் எதிர்: வேகம் ஏறினால் உற்சாகத்தில் காலைத் தூக்குவார்கள், தாளம் தப்பிவிடும்.

இந்த அடி கைவந்தபின் அதோடு மூன்று தட்டை இணையுங்கள்: பின்வாங்கித் தட்டு இரண்டு, மூன்று தட்டு ஒன்று, மறுகாலில் அதேபோல். அப்புறம் மூன்று தட்டைச் செய்யும்போதே அரைத் திருப்பம் திரும்பிப் பாருங்கள். வேகப் பகுதியில் நீங்கள் பார்க்கும் சிக்கலான அடிகளில் பெரும்பாலானவை இந்த இரண்டின் கலவைதான்.

காம், அம்தோ பக்கம்

காம் கோர்ட்ரோவில் ஆண்களின் அடி அகலம், உடம்பு தாழ்வு, கைகள் பருந்து இறக்கை விரிப்பதுபோல் விரியும். பெண்கள் அதே அடியைச் சிறிதாக, சட்டை நுனியோ கைகோப்போ விடாமல் ஆடுவார்கள். வேகப் பகுதியில் ஒற்றைக் காலில் துள்ளித் திரும்புவது, குந்தி எழுவது எல்லாம் வரும். முழங்கால் தயாராகாமல் இதைத் தொட வேண்டாம் என்பதால்தான் கடைசியில் வைத்தேன். அம்தோ மேய்ப்பர்களின் நடனத்தில் தோளும் முதுகும் வளைந்து முன்சாயும், அடி கனமாக இருக்கும். ரல்பா என்னும் நாடோடிக் கலைஞர்களின் மேளச் சுழற்சி வித்தைக்காரர்களின் துறை, ரசிப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

சீன அரசின் தேசிய மரபுரிமைப் பட்டியலில் கோர்ட்ரோவும் பிவாங் நடனமும் 2006-லேயே இடம்பெற்றன. மேற்குச் சீன நகரங்களின் சதுக்கங்களில் மாலையில் திபெத்தியரோடு சீனரும் சேர்ந்து உடற்பயிற்சியாகவே இவற்றை ஆடுகிறார்கள். மலைக்கு இந்தப் பக்கம், புலம்பெயர்ந்த திபெத்தியர் புதன்கிழமையை ல்ஹகார் என்று கொண்டாடி, அன்று திபெத்திய உடை உடுத்தி, திபெத்திய மொழியே பேசி, வட்டம் கட்டி இதே அடிகளை ஆடுகிறார்கள். தலாய் லாமாவுக்கு உகந்த கிழமை அது. ஆட வருகிறவருக்கு இந்த இரண்டும் தெரிந்திருப்பது நல்லது. நாம் எந்த வட்டத்தில் நிற்கிறோமோ அங்கே அது வெறும் பொழுதுபோக்கு இல்லாமல் இருக்கலாம்.

வட்டத்தில் சேர்வது

ஒவ்வொரு பாட்டுக்கும் தனி அடி வரிசை உண்டு. ஆனால் அது ஒவ்வொரு சரணத்துக்கும் அப்படியே திரும்பி வரும், இதுதான் புதியவருக்குப் பெரிய வரம். முதல் சரணத்தை வெளியே நின்று பாருங்கள், காலில் எத்தனை எண்ணிக்கைக்கு ஒருமுறை திசை மாறுகிறது என்பதை மட்டும். இரண்டாவது சரணத்தில் உள்ளே போய்க் கால் மட்டும். மூன்றாவதில் கை. அதற்குள் பாட்டு முடிந்துவிட்டால் பரவாயில்லை, அதே பாட்டு அடுத்த வாரமும் வரும்.

எதிரில் இருப்பவரைப் பார்த்து ஆடாதீர்கள். வட்டத்தில் எதிரே நிற்பவருக்கு இடவலம் மாறித் தெரியும், அவர் நகர்வதும் உங்கள் கண்ணுக்கு எதிர்த்திசையாகத் தோன்றும். உங்களுக்கு முன்னால் போகிறவரின், அதாவது இடப்பக்கம் இருப்பவரின் குதிகாலைப் பாருங்கள். உள்ளே நுழையும்போது வட்டத்தைத் தொடங்கிவைத்தவருக்கு முன்னால் நுழையாமல், வால் பகுதியில் இரண்டு பேர் கைகளுக்கு நடுவே மெல்லக் கையை நீட்டினால் அவர்களே பிடித்துக்கொள்வார்கள். பெரிய வட்டத்தில் உள்வட்டம் ஒன்று இருந்தால் அது நன்றாக ஆடுகிறவர்களுக்கு, வெளிவட்டம் நமக்கு.

பாட்டும் தெரிந்தால் கால் இன்னும் எளிதாகும். இந்தப் பாட்டுகளின் வரிகள் பெரும்பாலும் ஆறு அசைகள், இரண்டிரண்டாக மூன்று பிரிவு. பொருள் தெரியாவிட்டாலும் அந்த இரண்டிரண்டை வாய்க்குள் முணுமுணுத்தால் அடி எங்கே விழ வேண்டும் என்று நாக்கே சொல்லிவிடும்.

முறையாகப் படிக்க விரும்பினால் தரம்சாலாவில் இருக்கும் திபெத்திய நிகழ்த்துகலை நிறுவனம், டிபா என்று சுருக்கிச் சொல்வார்கள், 1959-இல் தொடங்கப்பட்டது. நாடகம், இசை, எல்லாப் பகுதி நடனங்களும் அங்கே பயிற்றுவிக்கப்படுகின்றன. நமக்கு அருகில் என்றால் கர்நாடகத்தின் பைலகுப்பே. மைசூரிலிருந்து மடிக்கேரி போகும் சாலையில் குஷால்நகருக்கு முன்னால் வரும். 1960-களின் தொடக்கத்தில் உருவான குடியிருப்பு. லோசார் என்னும் திபெத்தியப் புத்தாண்டு நாட்களில் போனால் வட்ட நடனம் பார்க்கும் வாய்ப்பு அதிகம். லோசார் பிப்ரவரி அல்லது மார்ச்சில் வரும், ஆண்டுக்காண்டு தேதி மாறும், புறப்படுமுன் பார்த்துக்கொள்ளுங்கள். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் அங்கே தங்குவதற்கு இந்திய உள்துறை அமைச்சகத்தின் முன் அனுமதி தேவைப்படும். அது கைக்கு வரச் சில வாரங்கள்கூட ஆகலாம் என்பதால் பயணச்சீட்டு எடுக்குமுன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.